ஜெபிப்பதைத் தவிர, வெளிநாட்டில் ஒடுக்கப்படுகிறவர்களுக்காக ஒரு கிறிஸ்தவர் உருப்படியாக என்ன செய்ய முடியும்?

ஜெபித்து முடித்த பிறகும் மனசு உறுத்தியதால்தான் இதைக் கேட்டிருப்பீர்கள். ஜெபத்தைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கட்டப்பட்டிருக்கிறவர்களோடு நாமும் கட்டப்பட்டவர்கள்போல அவர்களை நினைக்கச் சொல்கிறது எபிரெயர் 13:3. அப்படி நினைக்கிறவர் ஒரு கடிதமாவது போடுவார்.

எழுதும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: கைதியின் குடும்பமோ வழக்கறிஞரோ இதற்குச் சம்மதித்திருக்கிறார்களா? சத்தமில்லாமல் பேச்சுவார்த்தை நடக்கும் வழக்கில் வெளியிலிருந்து வரும் கடிதம் காரியத்தைக் கெடுத்துவிடும். சில இடங்களில் அதையே 'வெளிநாட்டுத் தொடர்பு' என்று கைதிமேல் திருப்புவார்கள்.

அதிகாரிக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கைதியின் முழுப்பெயர், கைதான தேதி, சிறையின் பெயர், பிறகு ஒரே ஒரு கோரிக்கை: வழக்கறிஞரைப் பார்க்க விடுங்கள், அல்லது மருத்துவரிடம் காட்டுங்கள். ஐந்து கோரிக்கை வைத்தால் நழுவ வழி கிடைத்துவிடும். அந்த நாடு 1966ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் சேர்ந்திருந்தால், மதச் சுதந்திரம் பற்றிய 18ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். சேரவில்லையென்றால் 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்திலும் அதே எண்தான். நகல் ஒன்றை அந்நாட்டுத் தூதரகத்துக்கு அனுப்புங்கள். ஆட்சியையோ அவர்கள் மதத்தையோ திட்டி ஒரு வரிகூட வேண்டாம்.

கைதிக்கு எழுதுவது வேறு மாதிரி. சிறை அதிகாரி படித்த பிறகே அது அவர் கைக்குப் போகும் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். எளிய நடையில் நாலைந்து வரி போதும். பிள்ளைகள் வரைந்த படம் இன்னும் நல்லது. வழக்கு, அரசு, அமைப்பின் பெயர், அவரைப் பற்றி யார் சொன்னார்கள் என்பது எதுவும் வரக் கூடாது. பணம் வைக்காதீர்கள். பதில் வராவிட்டாலும் மாதம் ஒன்று போடுங்கள்.

சபைகளில் நடக்கும் ஒன்று எனக்குப் பொறுக்கவே முடியாதது. ஒடுக்கப்பட்ட விசுவாசியின் முகமும் ஊர்ப்பெயரும் ஜெபக் குறிப்பாகத் திரையில் வரும். அதே ஆராதனை நேரலையாக யூடியூபுக்கும் போகும். கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரமும் ஒளிந்திருக்கலாம். அதை நீக்காமல் எந்தக் குழுவிலும் பகிராதீர்கள்.

அடுத்தது வாட்ஸ்அப். 'ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரிகளுக்கு நாளை மரண தண்டனை, உடனே ஜெபியுங்கள்' என்ற பொய்ச் செய்தி வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. 2007 ஜூலையில் தாலிபான் 23 தென்கொரியக் கிறிஸ்தவர்களைக் கடத்தியது உண்மை. இருவரைக் கொன்றார்கள், மற்றவர்கள் ஆகஸ்ட் முடிவதற்குள் விடுதலையானார்கள். தேதியில்லாத 'நாளை'யை நம்பி அனுப்பிக்கொண்டே இருந்தால், நிஜமான அவசரம் வரும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கொஞ்சம் பெரிதாகச் செய்ய ஆள்பலம் இருந்தால் ஐ.நா.வின் மனித உரிமை மீளாய்வு இருக்கிறது; ஒரு நாட்டின் மனித உரிமை நிலையை மற்ற நாடுகள் பரிசீலிக்கும் ஏற்பாடு அது. ஒவ்வொரு நாட்டின் முறையும் ஏறக்குறைய நாலரை வருஷத்துக்கு ஒருமுறை வரும். ஓர் அமைப்பு தனியாக அனுப்பும் அறிக்கைக்கு 2,815 சொல்தான் வரம்பு. பல அமைப்புகள் சேர்ந்து அனுப்பினால் 5,630. மீளாய்வுக்குப் பல மாதம் முன்பே கெடு முடிந்துவிடும். தேதியும் இடமும் இல்லாத கேள்விப்பட்ட சங்கதிகளை அதில் எழுதாதீர்கள்.

'நம்மவர்களுக்கு மட்டும்' என்று நின்றுவிடவும் கூடாது. லேவியராகமம் 25இன் யூபிலியை, அதாவது அடிமைகளுக்கு விடுதலையும் இழந்த நிலமும் திரும்பக் கிடைக்கும் ஐம்பதாம் ஆண்டை, முன்வைத்து ஏழை நாடுகளின் கடன் தள்ளுபடிக்காக எழுந்த இயக்கம், 1998 மே 16 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமில் பெரிய வல்லரசுகளின் ஜி8 மாநாட்டின்போது சுமார் 70,000 பேரை மனிதச் சங்கிலியாக நிறுத்தியது. அடுத்த வருஷம் ஜெர்மனியின் கொலோனில் நடந்த ஜி8 மாநாட்டில் கடன் நிவாரணத் திட்டம் விரிவானது. கடன்பட்ட அந்த நாட்டு மக்கள் எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை.

கைதியின் விடுதலைச் செய்தி வந்ததும் வழக்குக் கோப்பை மூடிவிடாதீர்கள். வழக்குச் செலவுக்கு வாங்கிய கடன், போன வேலை, பிள்ளைகளின் விட்டுப்போன படிப்பு எல்லாம் அப்போதுதான் அந்தக் குடும்பத்தின் தலையில் வந்து விழும்.