மார்கரெட் பாட்டி பெகி ஆனது எப்படி?

கேள்வி: இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. கேஸ் ஷீட்டில் மார்கரெட் என்று இருக்கும் பாட்டியை அவர் மகள் 'பெகி' என்கிறார். ஆள் மாறிவிட்டதோ என்று பதறிவிட்டேன். அந்தப் பாட்டியோ என்னை 'டக்' என்று கூப்பிடுகிறார். வாத்து என்று கேலி செய்கிறாரா?
- திருச்சி வாசகி

பதில்: ஆள் மாறவில்லை, பயப்படாதீர்கள். மார்கரெட் சுருங்கி மெக், மெகி ஆகி, முதல் எழுத்து மாறிப் பெகி ஆனது. நாம் 'காப்பி கீப்பி' என்கிறோமே, அந்த மாதிரி நாக்கின் விளையாட்டுதான். ராபர்ட் பாப் ஆனதும் வில்லியம் பில் ஆனதும் இப்படித்தான். இடைக்கால இங்கிலாந்தில் புழங்கிய பெயர்கள் கொஞ்சம்தான். தெருவுக்கு நாலு வில்லியம் இருந்தால் பிரித்துக் கூப்பிட வேண்டுமே! எட்வர்ட் 'நெட்' ஆன கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'என் எட்' என்பதை அந்தக் காலத்தில் 'மைன் எட்' என்பார்கள். அந்த 'ன்' நழுவிப் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது பெயரிலேயே வாழ்நாள் முழுக்க அழைக்கப்படுபவர்களும் உண்டு. முன்னாள் பிரதமர் கார்டன் பிரௌனின் முதல் பெயர் ஜேம்ஸ். அதனால் மருந்து கொடுக்கும்போது கைப்பட்டையில் உள்ள முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் பாருங்கள். பேசும்போது, "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

'டக்' கேலியே இல்லை. நாட்டிங்காம், டெர்பி, ஸ்டோக் பக்கம் ஆண் பெண் பார்க்காமல் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் ஊர் 'கண்ணு' மாதிரி. உங்களைப் பாட்டிக்குப் பிடித்திருக்கிறது.

நீங்கள் கேட்காத சில சொற்களையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் பலருக்கு 'டின்னர்' மதியச் சாப்பாடு, 'டீ' மாலைச் சாப்பாடு. பாட்டி "டீ ஆயிற்று" என்றால் ஒரு கப் தேநீர் என்று சார்ட்டில் எழுதிவிடாதீர்கள், தட்டில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். 'நெஷ்' என்றால் குளிர் தாங்காதவர், இன்னொரு போர்வை கொடுங்கள். 'ஸ்பெண்ட் எ பென்னி' என்றால் பாத்ரூம் போக வேண்டும். அந்தக் காலப் பொதுக் கழிப்பறையில் ஒரு பென்னி போட்டால்தான் கதவு திறக்கும்.

கவனமாகக் கேட்க வேண்டிய சொல் 'பூர்லி'. நோயாளி சொன்னால் உடம்பு சரியில்லை என்று பொருள். டாக்டரோ சீனியர் நர்ஸோ ஒருவரைப் பற்றி 'வெரி பூர்லி' என்றால் நிலைமை மோசம். டியூட்டி மாறும்போது அது காதில் விழுந்தால், முதலில் அந்தக் கட்டிலுக்குப் போங்கள்.