ஹார்ட் சுரக்குற ஹார்மோன் கிட்னியைக் காப்பாத்துமா?

கேள்வி: மாமாவுக்கு பைபாஸ் முடிஞ்சு ஐசியூல இருந்தப்போ யூரின் கொறைஞ்சு கை கால்லாம் வீங்கிடுச்சு டாக்டர். ஹார்ட்டே சுரக்குற ஒரு ஹார்மோனை டிரிப்ஸ்ல ஏத்தினா உப்பும் தண்ணியும் வெளியேறிடும்னு படிச்சேன். நிஜமா? கிட்னி தப்பிச்சிடுமா?

பதில்: ஹார்ட்டுன்னா வெறும் பம்புன்னுதான் ரொம்ப நாள் எல்லாரும் நெனச்சிட்டிருந்தாங்க. 1981ல டி போல்ட்ங்கிற விஞ்ஞானி எலியோட இதய மேலறையில இருந்து எடுத்த சாறை வேற எலிகளுக்கு ஏத்திப் பாத்தாரு, கொஞ்ச நேரத்துலயே யூரின்ல உப்பும் தண்ணியுமா கொட்டுச்சு. அந்தச் சாறுல இருந்த ஹார்மோன்தான் ஏஎன்பி. அதோட தம்பி பிஎன்பியை 1988ல பன்னி மூளையில கண்டுபிடிச்சதால பேர்ல மூளை ஒட்டிக்கிச்சு ('பி'ன்னா பிரெயின்), ஆனா அதிகமா சுரக்குறது இதயக் கீழறையிலதான்.

ஆப்பரேஷன்ல ரத்தம் ஹார்ட்-லங் மெஷின் வழியா ஓடும்போது உடம்பு மிரண்டுபோய் ரெனின், ஆல்டோஸ்டிரோன்ங்கிற உப்பைத் தேக்குற சுரப்புகளையெல்லாம் சுரந்து உப்பைப் பிடிச்சு வச்சிக்கும், நாங்க ஏத்துற திரவம் வேற சேந்துக்கும், வீக்கம் அப்படி வர்றதுதான். இந்த ஹார்மோன் அதை எதிர்ப்பக்கம் இழுக்கும், ரத்தக்குழாயை விரிச்சு, கிட்னி வடிகட்டுறதைக் கூட்டும். 2007ல வந்த ஒரு ஆய்வுல, ஹார்ட் பம்பிங் 40 சதவீதமோ அதுக்குக் கீழயோ இருந்த பைபாஸ் நோயாளிங்களுக்கு நெசிரிடைடு, அதாவது மருந்தா செஞ்ச பிஎன்பி, குடுத்தாங்க. கிரியேட்டினின் (கிட்னி சரியா வடிகட்டலன்னா ரத்தத்துல ஏறுற கழிவு) அவ்வளவா ஏறல, யூரினும் நல்லா போச்சு. ஜப்பான்ல ஏஎன்பியை ரொம்பக் கம்மி டோஸ்ல, மெஷின்ல போடும்போதே ஆரம்பிச்சிடற டாக்டர்களும் உண்டு.

இப்ப சிக்கலுக்கு வரேன். குழாய் விரிஞ்சா பிரஷர் இறங்கும், ரொம்ப இறங்கிட்டா கிட்னிக்கே ரத்தம் பத்தாது, காப்பாத்தப் போன மருந்தே அடிச்சிடும். 2011ல ஏழாயிரத்துக்கும் மேல ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிங்ககிட்ட (ஆப்பரேஷன் கேஸ் இல்ல, அதைக் கவனிங்க) நெசிரிடைடைப் பாத்தப்போ உயிரிழப்பு குறையல, கிட்னிக்கும் லாபமில்ல, பிரஷர் மட்டும் நிறைய பேருக்கு இறங்குச்சு. 2012ல வந்த சர்வதேச கிட்னி வழிகாட்டியும் கிட்னி பாதிப்பைத் தடுக்க ஏஎன்பி வேண்டாம்னுதான் சொல்லுது. என்னைக் கேட்டா, யூரின் பை நிறையுறதை மட்டும் பாத்து சந்தோஷப்படாதீங்க, பிரஷரும் கிரியேட்டினினும் எப்படி இருக்குன்னு கேளுங்க.

கேள்வி: அந்த டிரிப்ஸ் ஓடும்போது, ஹார்ட் எவ்வளவு திணறுதுன்னு ரத்தத்துல பாக்குற பிஎன்பி டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: நெசிரிடைடு ஓடுதுன்னா எடுத்துப் பிரயோஜனம் இல்ல, ஏத்துறதும் அளக்குறதும் ஒரே பொருள், ரிசல்ட் எகிறித்தான் வரும். என்டி-புரோபிஎன்பின்னு வேற டெஸ்ட் இருக்கு, அதுல இந்த மருந்து கலக்காது.