இணைப்புத் தையல் இல்லாத போர்வை: கேள்வி பதில்

நடுவில் எட்டுக் கண்ணியில் (ஊசியில் நிற்கும் நூல் வளையங்கள்) ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி வெளியே வளரும் சதுரப் பின்னல் போர்வை பற்றி வந்த கேள்விகள். துண்டு துண்டாகப் பின்னி இணைக்கிற வேலையே இதில் கிடையாது.

அக்கா, எட்டே கண்ணியை நாலு ஊசியில போட்டா வழுக்கி விழுது. நடுவுல ஓட்டை வேற.

நுனியில கொக்கி இருக்கிற குரோஷே ஊசியால ஆரம்பிங்க. நூல் நுனியை நீளமா விட்டு விரல்ல ஒரு வளையம் போடுங்க. கொக்கியை வளையத்துக்குள்ள விட்டு நூலை இழுங்க, அப்புறம் வளையத்துக்கு வெளியே நூலைக் கொக்கியில சுத்தி அந்தக் கண்ணி வழியாவே இழுங்க. ஒரு கண்ணி ஆச்சு. இப்படி எட்டு. இரட்டைமுனை ஊசி நாலுல ரெண்டு ரெண்டா மாத்திட்டு, அஞ்சாவது ஊசியால பின்னுங்க. நாலஞ்சு சுற்று தாண்டினதும் நுனியை இழுத்தா ஓட்டை காணாமப் போயிடும். மூங்கில் ஊசி வழுக்காது; ஆரம்பத்துக்கு அதுதான் நல்லது.

சதுரமா வரவேண்டியது கிண்ணம் மாதிரி குழியுது. எங்கே தப்பு?

முதல்ல, நிஜமாவே குழியுதான்னு பாருங்க. வட்ட ஊசியில (ரெண்டு ஊசிமுனையை ஒரு கயிறு இணைக்கிறது) நெருக்கியடிச்சு நிக்கிற வரைக்கும் எல்லாமே கிண்ணமாத்தான் தெரியும். கண்ணிகளை நீளமான வேறு நூலுக்கு மாத்தி, தரையில விரிச்சுப் பாருங்க.

அப்பவும் குழிஞ்சா, கூட்டின கண்ணி போதலை. அலை அலையா சுருங்கினா அதிகம். நாலு மூலையிலயும் மூலைக்கண்ணிக்கு இந்தப் பக்கம் ஒன்னு, அந்தப் பக்கம் ஒன்னு: ரெண்டு சுற்றுக்கு எட்டு. கார்ட்டர் பின்னல்ல (ஒரு சுற்று நிட், அதாவது நேர்க்கண்ணி; ஒரு சுற்று பர்ல், அதாவது அதுக்கு எதிர்ப்பக்கமா விழற கண்ணி) ரெண்டு சுற்றோட உயரமும் ஒரு கண்ணியோட அகலமும் கிட்டத்தட்ட ஒன்னு. அதனால கணக்கு கச்சிதமா உட்காரும். எல்லாச் சுற்றும் நிட் போடற ஸ்டாக்கினெட்ல சுற்று உயரம் கூடுதல், எட்டு கொஞ்சம் பத்தாது. கம்பளின்னா நனைச்சு, விரிச்சு, பின் குத்திக் காயவெச்சா சரியாயிடும். அக்ரிலிக் அவ்வளவு சுலபமா வழிக்கு வராது. அக்ரிலிக் வெச்சிருக்கறவங்க பேசாம கார்ட்டர்லயே பின்னுங்க.

பத்து உருண்டை வாங்கினேன். அஞ்சு தீர்ந்துது, பக்கம் 70 செ.மீ. வந்திருக்கு. 120 வருமா மேடம்?

வராது. பாதி நூல்ல 70 வந்தா, மீதிப் பாதி 99 வரைக்கும்தான் இழுக்கும். நூல் செலவாகிறது பரப்பளவுக்கு ஏத்தபடி, பக்கத்துக்கு இல்ல. 120-ஐ 70-ஆல வகுத்து, வந்ததை அதாலயே பெருக்குங்க: ஏறக்குறைய 2.94. அஞ்சு உருண்டைக்கு அதைப் போட்டா கிட்டத்தட்ட 15. கரை முடிக்கவும் சேர்த்து இன்னும் ஆறு வாங்கிடுங்க. அதே சாய எண் (ஒரே தடவையில சாயம் போட்ட நூலுக்கான எண்) கிடைக்கலைன்னா, இப்பவே பழைய நூல் ஒரு சுற்று, புது நூல் ஒரு சுற்றுன்னு மாத்தி மாத்திப் போடுங்க. நிற வித்தியாசம் பட்டையாத் தெரியாது.

வட்டப் போர்வைக்கும் இதே கணக்கா?

இல்ல. பின்னல் வல்லுநர் எலிசபெத் சிம்மர்மேன் சொன்ன வழி ரொம்ப சுலபம்: ஆரம் இரட்டிக்கும்போது கண்ணியும் இரட்டிக்கணும். 9, 18, 36, 72, 144. நடுவில 3, 6, 12, 24 சுற்றுன்னு எதையும் கூட்டாம பின்னிட்டே போகலாம். டிவி பார்த்துக்கிட்டே போட இதைவிட நல்லது கிடையாது.

வட்ட ஊசின்னா வட்டமாத்தான் பின்னணுமா?

அவசியமே இல்ல. திருப்பித் திருப்பியும் பின்னலாம். கனமான போர்வையோட பாரம் மடியில இறங்கிடும், மணிக்கட்டு வலிக்காது.

குழலாப் பின்னி நடுவுல வெட்டிடலாமா அக்கா?

ஸ்வெட்டருக்குச் செய்வாங்க. போர்வைக்கு ரெண்டு பக்கமும் தெரியும், வெட்டின ஓரம் அசிங்கமா இருக்கும். நான் செய்யமாட்டேன்.

கரையை முடிச்சதும் ஓரம் இழுத்துப் பிடிக்குது.

முடிச்சதைப் பிரிச்சுட்டு, ரெண்டு அளவு பெரிய ஊசியால முடிங்க. இன்னும் நல்ல வழி: ஓரத்துல ஆறேழு கண்ணி புதுசா ஏத்தி, கார்ட்டர் பட்டையை குறுக்கா பின்னுங்க. ரெண்டு வரிசைக்கு ஒருமுறை பட்டையோட கடைசிக் கண்ணியையும் போர்வைக் கண்ணி ஒன்னையும் சேர்த்துப் பின்னணும். மூலைக்கு வரும்போது போர்வையோட சேர்க்காம சில வரிசை கூடுதலாப் போடுங்க, இல்லேன்னா மூலை மடங்கிக்கும்.