டபிள்யூ அழுத்தினால் டச்பேட் ஏன் உறைகிறது?

கேள்வி: லேப்டாப்பில் உபுண்டு 24.04 லினக்ஸ் போட்டிருக்கிறேன். லுவாண்டியில் (பழைய பெயர் மைன்டெஸ்ட்) டபிள்யூ கீயை அழுத்தி நடக்கும்போது டச்பேடை வைத்துத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. கீயை விட்டதும் சரியாகிவிடுகிறது. பழுது டச்பேடிலா, கேமிலா?

இரண்டிலும் இல்லை. கேமை மூடிவிட்டு ஏதாவது ஒரு டெக்ஸ்ட் எடிட்டரைத் திறங்கள். ஓர் எழுத்தை அழுத்திப் பிடித்தபடியே டச்பேடில் விரலை வைத்து நகர்த்திப் பாருங்கள். அங்கேயும் அம்புக்குறி அசையாது.

இது லிப்இன்புட் செய்கிற வேலை. இன்றைய லினக்ஸ் டெஸ்க்டாப்களில் மவுஸ், டச்பேட், கீபோர்டு எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த லைப்ரரிதான். தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை பட்டு கர்சர் எங்கோ தாவிவிடக் கூடாது என்று, எழுத்துக் கீ அழுந்தியதும் டச்பேடைக் கொஞ்ச நேரம் முடக்கி வைக்கும். கடிதம் எழுதுபவருக்கு அது உபகாரம். நீங்களோ டபிள்யூவை விடாமல் பிடித்திருக்கிறீர்கள். நீங்கள் மும்முரமாக டைப் செய்வதாகவே அது நினைத்துக்கொள்கிறது. ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவற்றை அது கணக்கில் எடுப்பதில்லை. கன்ட்ரோலோடு கிளிக் செய்வது எல்லோருக்கும் வேண்டியதாயிற்றே!

உங்கள் உபுண்டுவில் இருக்கும் டெஸ்க்டாப் க்னோம் 46. செட்டிங்ஸில் 'மவுஸ் & டச்பேட்' பகுதிக்குப் போய், டச்பேட் பக்கத்தில் 'டிசேபிள் டச்பேட் வைல் டைப்பிங்' என்பதை அணைத்துவிடுங்கள். கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கும் சிஸ்டம் செட்டிங்ஸின் டச்பேட் பக்கத்தில் இதே வசதி உண்டு. விளையாடி முடித்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த நாள் மெயில் அடிக்கும்போது பாதி வாக்கியம் வேறெங்கோ போய் உட்காரும். நான் பட்டிருக்கிறேன்.

செட்டிங்ஸைத் தொடவே மனமில்லையா? நடக்கும் கீகளை அம்புக் கீகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். அவற்றை லிப்இன்புட் தட்டச்சாக எண்ணுவதில்லை. ஆனால் கை வைக்க வசதியாக இருக்காது. அதைவிட ஒரு யுஎஸ்பி மவுஸ் வாங்குவது மேல். இந்த முடக்கம் டச்பேடுக்கு மட்டும்தான், மவுஸை ஒன்றும் செய்யாது.

அப்புறம், மவுஸ் வாங்கினால் அதே பகுதியில் மவுஸ் பக்கத்தில் 'மவுஸ் ஆக்ஸிலரேஷன்' இருக்கும், அதை அணைத்துப் பாருங்கள். அது இருந்தால் ஒரே தூரத்தை வேகமாக இழுக்கும்போது பார்வை அதிகமாகத் திரும்பும், மெதுவாக இழுத்தால் குறைவாக. முழுசாகத் திரும்ப எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது கைக்குப் பழகவே பழகாது. சில கேம்கள் ஆக்ஸிலரேஷன் சேராத அளவையே நேரடியாக எடுத்துக்கொள்ளும். அவற்றில் வித்தியாசம் தெரியாது.

எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்புக்கு மாறினால் மட்டும் ஒரு எச்சரிக்கை: அங்கே ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்தால் கேம் விண்டோவே நகரும். 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்' உள்ளே ஆக்ஸஸிபிலிட்டி பக்கத்தில் அந்தக் கீயை சூப்பருக்கு (விண்டோஸ் கீ) மாற்றிவிடுங்கள்.