தரங்கம்பாடியை விற்ற அரசர்

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு தரங்கம்பாடி போயிருந்தோம். டேனிஷ் கோட்டையைச் சுற்றிப் பார்க்கும்போது என் மகள், "இந்த ஊரை இங்கிலீஷ்காரங்களுக்கு வித்த ராஜா யாருப்பா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து தேடியதில் டென்மார்க் அரசர் எட்டாம் கிறிஸ்டியன் என்ற பெயர் கிடைத்தது. அதற்கு முன்பே நார்வேயையும் இழந்தவராம். கையில் இருந்ததையெல்லாம் விட்டுக்கொண்டே போனவர் என்றுதான் தோன்றுகிறது. அவ்வளவுதானா அவர்?

க., மயிலாடுதுறை

அன்புள்ள க.,

மகளிடம் சொல்லுங்கள், அவர்தான். 1845 பிப்ரவரியில் ஒப்பந்தம், நவம்பரில் ஊர் கைமாறியது. வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். ஆனால் அந்த விற்பனையை வைத்து அவரை எடைபோட முடியாது. நெப்போலியன் காலத்துப் போர்களில் தோற்ற பக்கம் நின்ற டென்மார்க், 1813லேயே திவாலான நாடு. தரங்கம்பாடியில் வியாபாரமும் படுத்துவிட்டது. வேறு யார் அரியணையில் இருந்திருந்தாலும் விற்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அவரைத் தெரிந்துகொள்ள 1814க்குப் போக வேண்டும். அப்போது அவருக்கு 27 வயது. டென்மார்க் அரசரின் பிரதிநிதியாக நார்வேயில் இருந்தார். அரசர் ஆறாம் ஃபிரடெரிக் அவருக்குப் பெரியப்பா மகன். அந்த ஜனவரியில் கீல் ஒப்பந்தத்தில் நார்வேயை ஃபிரடெரிக் ஸ்வீடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். நார்வே மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிறிஸ்டியன் இதை ஏற்கவில்லை. வாரிசு உரிமையில் தானே முடிசூடிக்கொள்ளலாம் என்று எண்ணி, எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் முக்கியஸ்தர்களைக் கூட்டி யோசனை கேட்டார்.

கெயோர்க் ஸ்வெர்ட்ரப் என்ற பேராசிரியர் முகத்துக்கு நேரே சொன்னார்: பழைய அரசர் கைவிட்டபோதே அதிகாரம் மக்களிடம் திரும்பிவிட்டது, மற்ற நார்வேக்காரர்களுக்கு இல்லாத உரிமை எதுவும் இந்த முடியில் உங்களுக்கு இல்லை. அப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும். கேட்டுக்கொள்வதற்கும் பெரிய மனசு வேண்டும். கிறிஸ்டியன் கேட்டுக்கொண்டார். 112 பிரதிநிதிகள் ஏப்ரலில் கூடி, ஐந்து வாரத்துக்குள் அரசியல் சட்டம் எழுதி முடித்து, மே 17 அன்று அவரையே அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஜூலைக் கடைசியில் ஸ்வீடன் படை நுழைந்தது. இரண்டே வாரத்தில் போர் முடிந்துவிட்டது. நார்வேயை இழந்தார் என்று நீங்கள் படித்தது இதைத்தான். ஆனால் மோஸ் உடன்படிக்கையில் அவர் முடியைத் துறக்கச் சம்மதித்தார், ஸ்வீடன் அந்த அரசியல் சட்டத்தை ஏற்கச் சம்மதித்தது. பல திருத்தங்களோடு இன்றும் நார்வேயில் அதே சட்டம்தான். மே 17தான் அவர்களுடைய தேசிய நாள். இதை இழப்புக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் 25 வருடக் காத்திருப்பு. ஃபிரடெரிக்குக்குத் தம்பிமேல் நம்பிக்கை இல்லை. 1831 வரை அரசு ஆலோசனை சபையில் இடம்கூடத் தரவில்லை. கிறிஸ்டியன் கற்களையும் எரிமலைகளையும் சிற்பங்களையும் படித்துக்கொண்டிருந்தார்.

1839 டிசம்பரில், 53 வயதில் அரசரானார். டென்மார்க்கில் 1660லிருந்து அரசரின் அதிகாரத்துக்கு எல்லையே கிடையாது. எய்ட்ஸ்வோலில் பார்த்த மனிதர் இங்கேயும் ஓர் அரசியல் சட்டம் தருவார் என்று கோபன்ஹேகனில் எதிர்பார்த்தார்கள். ஒரு கையெழுத்துப் போதும். அவர் போடவில்லை.

சோம்பேறி அல்ல. உள்ளாட்சியைச் சீர்திருத்தினார். தன் ஆட்சியில் இருந்த ஐஸ்லாந்தின் பழம்பெரும் நாடாளுமன்றமான ஆல்திங் சபைக்கு 1843ல் உயிர் கொடுத்தார். அரசியல் சட்டம் என்று வந்தால் மட்டும் தயக்கம். அவர் ஆட்சியில் இருந்த தெற்குப் பகுதிகளான, ஜெர்மன் பேசும் ஹோல்ஸ்டைனும் இரு மொழி பேசும் ஷ்லெஸ்விக்கும் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் எட்டு வருடம் தள்ளிப்போட்டதால் அது தீரவில்லை, வளர்ந்தது.

அடிமை முறையிலும் இதே கதைதான், அதுதான் எனக்கு ஆறவில்லை. 1847 ஜூலை 28 முதல் டேனிஷ் கரீபியன் தீவுகளில் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரமானவர்கள், மற்றவர்களுக்கு இன்னும் 12 வருடம் என்று ஆணையிட்டார். தவறு என்று தெரிந்த பிறகும் 12 வருடம்! அடுத்த ஜூலையில் செயின்ட் குரோய் தீவின் அடிமைகள் திரண்டெழுந்து விடுதலையை வாங்கிக்கொண்டார்கள்.

அதைப் பார்க்க அவர் இல்லை. 1848 ஜனவரியில் காய்ச்சலுக்காக ரத்தம் எடுத்தார்கள், அந்தக் காயம் விஷமேறி 20ஆம் தேதி இறந்தார். அரசியல் சட்டத்துக்கான வேலையை ஒருவழியாகத் தொடங்கியிருந்தார். மகன் ஏழாம் ஃபிரடெரிக் எட்டே நாளில் அதை அறிவித்தார், மார்ச்சில் கூட்டம் அரண்மனைக்குத் திரண்டு வந்தபோது தனியாட்சியை விட்டுக்கொடுத்தார், 1849 ஜூன் 5 அன்று கையெழுத்திட்டார். படிப்பிலும் பக்குவத்திலும் அப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க முடியாதவர் அவர். கோபன்ஹேகனில் இன்றைய நாடாளுமன்றத்துக்கு முன்னால் குதிரைமேல் சிலையாக இருப்பது அந்த மகன்தான்.