வளவு வீட்டுப் பங்கை விற்று மகளை லண்டனுக்கு அனுப்பலாமா?

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறோம். மகள் பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறாள். தொழிற்சாலைத் தூசு, ரசாயனம், இரைச்சலால் தொழிலாளர் உடம்பு கெடாமல் பார்க்கிற தொழில்சார் சுகாதாரம் படிக்க ஆசைப்படுகிறாள். இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி.க்கு 25 லட்சம் ஆகுமாம். கானாடுகாத்தானில் பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வளவு வீட்டில் என் பங்கை விற்பதா, கடன் வாங்குவதா? கல்யாணத்துக்கு எடுத்து வைத்த 40 பவுன் இருக்கிறது.

பதில்: அண்ணே, வீட்டுப் பேச்சை முதலில் விடுங்கள். பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு அது காசாவதற்குள் பிள்ளை படித்தே முடித்துவிடும். அவசரத்துக்கு விற்றால் தேக்குத் தூண் விலைகூடத் தேறாது.

சரி, ஐந்தொகை எழுதிப் பார்ப்போம். 25 லட்சத்தை 10 சதவீத வட்டிக்கு எடுத்தால் படிக்கிற ஒரு வருஷம், அப்புறம் தருகிற ஒரு வருஷ அவகாசம், இரண்டுக்கும் தனிவட்டி மட்டும் 5 லட்சம். ஆக 30 லட்சத்தைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 39,600 ரூபாய். அங்கேயே வேலை கிடைத்தால் அடைத்துவிடுவாள், கிடைக்காமல் ஊர் திரும்பினால் முதல் சம்பளத்தைத் தவணையே விழுங்கிவிடும்.

இன்னொன்று, இங்கே எந்தப் பட்டத்துக்கு வேலை என்று பாருங்கள். 2020ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி 500 பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில், அபாயகரமான தொழில் என்றால் 250 பேர் இருந்தாலே, பாதுகாப்பு அதிகாரி வைத்தாக வேண்டும். அந்த நாற்காலிக்குக் கேட்பது தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமாவும் ஆலை அனுபவமும்தான். சென்னை மண்டலத் தொழிலாளர் நிலையத்திலேயே ஒரு வருஷப் படிப்பாக அந்த டிப்ளமா இருக்கிறது. காற்றில் எவ்வளவு தூசு என்று அளந்து சொல்கிற சுகாதார நிபுணர் வேலை வேறு, அதற்குத்தான் எம்.எஸ்சி. வேண்டும். உங்கள் மகளுக்கு எது வேண்டுமாம்?

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள். கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றுவதை எல்லோரும் படம் எடுப்பார்கள், பின்கட்டில் மணலும் சிமெண்டும் சலிப்பவர் துண்டால் மூக்கைக் கட்டியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. நுரையீரலுக்குள் போகிற சன்னமான சிலிக்கா தூசுக்குத் துண்டெல்லாம் ஒரு தடையே இல்லை. அப்படி ஓர் ஆளின் இடுப்பில் சின்ன பம்பும் சட்டைக் காலரில் வடிதாளும் மாட்டி ஷிப்ட் முழுக்கக் காற்றை இழுத்து, தாளில் படிந்த தூசை எடைபோட்டுப் பார்ப்பதுதான் அவள் படிக்கப் போவது. அதைக் கேட்டு அவள் கண் விரிந்தால் எம்.எஸ்சி.க்கே விடுங்கள்.

ஆனால் இங்கேயே. சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையில் முதுநிலைப் படிப்பு உண்டு. எல்லாம் சேர்த்து 5 லட்சம் கடன் என்று வைத்தால், படிக்கிற இரண்டு வருஷம், அவகாசம் ஒரு வருஷம் என்று மூன்று வருஷ வட்டியும் சேர்ந்து 6.5 லட்சமாகி, ஏழு வருஷத்துக்கு மாதம் சுமார் 10,800தான். ஏழரை லட்சம் வரை அரசின் கல்விக் கடன் உத்தரவாதத் திட்டத்தில் (CGFSEL) அடமானம் இல்லாமலே கிடைக்கும், பேங்க் மேனேஜர் பத்திரம் கேட்டால் அந்தத் திட்டத்தின் பேரைச் சொல்லுங்கள். பழைய வருமான வரிமுறையில் இருந்தால் கட்டுகிற வட்டி முழுவதற்கும் எட்டு வருஷம் வரை கழிவும் உண்டு. ஆலையில் நாலைந்து வருஷம் வேலை பார்த்தபின் வெளிநாடு போகட்டும், அப்போது அவள் சம்பளமே பாதிச் செலவைத் தாங்கும்.

40 பவுனை எடுக்காதீர்கள். அது அவளுக்கென்று ஆச்சி சேர்த்ததாக இருக்கும், கேட்காமல் தொட்டால் வீட்டில் நடக்கப் போவதற்கு என்னிடம் ஆலோசனை கிடையாது.