முதன்மை டொமைன் மட்டும் ஏன் நகர மறுக்கிறது?

கேள்வி: லாரவெல் என்ற பிஹெச்பி கட்டமைப்பில் செய்த தளம் ஒன்றை, சிபேனல் என்ற கன்ட்ரோல் பேனல் உள்ள ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பலர் பகிரும் சர்வரில்) ஏற்றியிருக்கிறேன். டொமைன் அதற்குள் இருக்கும் 'பப்ளிக்' ஃபோல்டரிலிருந்து திறக்க வேண்டும். பிறகு சேர்த்த டொமைன்களுக்கு ஃபோல்டரை மாற்ற முடிகிறது. முதன்மை டொமைனுக்கு மட்டும் அந்த இடமே காணோம். எங்கே தேடுவது?

பதில்: தேட வேண்டாம், அது அங்கே இல்லை. முதல் தடவை நானும் ஒரு மாலை முழுக்க ஒவ்வொரு ஐகானாகத் தட்டிப் பார்த்தவன்தான். சிபேனலில் கணக்கு திறக்கும்போதே பயனர் பெயர், முதன்மை டொமைன், அது திறக்கும் பப்ளிக்_ஹெச்டிஎம்எல் ஃபோல்டர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகிறார்கள். அதை அவிழ்க்கும் உரிமை சர்வர் நிர்வாகிக்குத்தான்.

வழிகளைச் சொல்வதற்கு முன் ஒரு சோதனை. முழு புராஜெக்டையும் பப்ளிக்_ஹெச்டிஎம்எல்லுக்குள் கொட்டி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் உலாவியில் தள முகவரிக்குப் பின்னால் லாரவெல் கடவுச்சொற்களை வைக்கும் 'டாட் என்வ்' (.env) கோப்பின் பெயரைச் சேர்த்துத் திறந்து பாருங்கள். 403 (அனுமதி இல்லை), 404 (கோப்பு இல்லை) வந்தால் பிழைத்தீர்கள். டேட்டாபேஸ் கடவுச்சொல் திரையில் வந்து நின்றால் மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தக் கோப்பை வெளியே நகர்த்திவிட்டு கடவுச்சொற்களை மாற்றுங்கள். தகவலைப் பூட்டித் திறக்கும் செயலியின் சாவியும் அதே கோப்பில்தான் இருக்கிறது. அதையும் மாற்றத்தான் வேண்டும், ஆனால் பழைய சாவியால் பூட்டி டேட்டாபேஸில் வைத்த தகவல் ஏதாவது இருந்தால் முதலில் அதைத் திறந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது வழிகள். நேர்மையான வழி, ஹோஸ்டிங் நிறுவனத்திடமே கேட்பது. டொமைன் திறக்கும் ஃபோல்டருக்கு டாகுமென்ட் ரூட் என்று பெயர். 'டாகுமென்ட் ரூட்டை மாற்றித் தாருங்கள்' என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான் நடக்கும். சிபேனல் சர்வரில் ஒவ்வொரு டொமைனுக்கும் இரண்டு அமைப்புக் கோப்புகள் இருக்கும்: ஒன்று சாதாரண இணைப்புக்கு, பெயரின் கடைசியில் எஸ்எஸ்எல் என்று ஒட்டிய மற்றொன்று பாதுகாப்பான இணைப்புக்கு. எனக்கு உதவிய ஒரு நிறுவனத்தின் ஊழியர் முதல் கோப்பை மட்டும் திருத்திவிட்டு 'முடிந்தது' என்று பதில் போட்டார். ஹெச்டிடிபியில் புதுத் தளம், ஹெச்டிடிபிஎஸ்ஸில் பழைய தளம். நான் உலாவியைக் குறை சொல்லிக்கொண்டு இரண்டு நாள் கேஷை (அது சேமித்து வைத்த நகலை) அழித்துக்கொண்டிருந்தேன். அதனால் 'இரண்டு கோப்பிலும் மாற்றி, அப்பாச்சி அமைப்பை மறுபடி உருவாக்கி, ரீஸ்டார்ட் செய்யுங்கள்' என்றே எழுதிவிடுங்கள் (அப்பாச்சி என்பது தளத்தைப் பரிமாறும் சர்வர் மென்பொருள்). சொந்த விபிஎஸ் (தனக்கென ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) வைத்திருப்பவர்கள் இதைத் தாங்களே செய்துகொள்ளலாம். ஷேர்டு ஹோஸ்டிங்கில் பலர் மறுப்பார்கள்.

மறுத்தால் என் அடுத்த தேர்வு சிம்லிங்க், அதாவது வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி. ஹோம் ஃபோல்டரில் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' என்று ஒன்று இருக்கிறதே, அது உண்மையான ஃபோல்டர் இல்லை. பப்ளிக்_ஹெச்டிஎம்எல்லைச் சுட்டும் சிம்லிங்க்தான். அதே வித்தையை நாமும் செய்கிறோம். புராஜெக்டை ஹோம் ஃபோல்டரில் வையுங்கள், பப்ளிக்_ஹெச்டிஎம்எல்லுக்கு வேறு பெயர் கொடுங்கள், அதன் பழைய பெயரிலேயே லாரவெலின் பப்ளிக் ஃபோல்டருக்கு ஒரு சிம்லிங்க் போடுங்கள். டெர்மினல் இல்லையென்றால் கிரான் வேலையில் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) அந்தக் கட்டளையை ஒரே ஒரு முறை ஓடவிட்டு நீக்கிவிடலாம். நான் அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். புது ஃபோல்டரின் அனுமதி 755 (எல்லோரும் படிக்கலாம், உரிமையாளர் மட்டும் எழுதலாம்) இருக்கட்டும். ஆனால் மற்ற டொமைன்களின் ஃபோல்டர்களும் பப்ளிக்_ஹெச்டிஎம்எல்லுக்குள் இருந்தால், பெயரை மாற்றிய நொடியில் அத்தனை தளமும் விழும். முதலில் அவற்றை வெளியே கொண்டுபோங்கள். சில நிறுவனங்கள் வெளியே வைக்க விடுவதில்லை. உங்களுடையதும் அப்படி என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

கடைசி வழி, ஃபோல்டருக்கான அப்பாச்சி விதிகள் இருக்கும் ஹெச்டிஆக்சஸ் கோப்பில் ரீரைட் விதி (வரும் கோரிக்கையை வேறு இடத்துக்குத் திருப்பும் விதி) எழுதுவது. யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள், எனக்கு இது பிடிக்காது. இதில் ரூட் மாறவே இல்லை. வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, வருகிறவர்களை உள் அறைக்கு அனுப்பச் சொல்கிறோம், அவ்வளவுதான். வேறு வழியில்லை என்றால், விதிக்கு முன் இரண்டு நிபந்தனைகள் கட்டாயம். வந்திருப்பது முதன்மை டொமைனின் பெயரில்தானா என்று பார்ப்பது ஒன்று. இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் மற்ற டொமைன்களும் இந்த விதியில் மாட்டும். கோரிக்கை ஏற்கெனவே உள் ஃபோல்டருக்குள் போய்விட்டதா என்று பார்ப்பது மற்றொன்று. இதை விட்டால் அனுப்பியவரையே திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பி, பத்துச் சுற்றில் அப்பாச்சி கையை விரித்து 500 பிழையைக் காட்டும். விதியின் கடைசியில் 301 (நிரந்தரத் திருப்பல்) சேர்க்காதீர்கள். சேர்த்தால் முகவரியில் உள் ஃபோல்டர் பெயர் தெரியும், உலாவியும் அதை மனப்பாடம் செய்துகொள்ளும். விதியை நீக்கிய பிறகும், அதற்குள் வந்துபோன உலாவிகளில் பழைய இடத்துக்கே போகும்.

எனக்கு இது பிடிக்காமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. இலவச எஸ்எஸ்எல் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது சிபேனல் ஒரு சோதனைக் கோப்பை டாகுமென்ட் ரூட்டில், 'வெல்-நோன்' என்ற புள்ளியில் தொடங்கும் ஃபோல்டருக்குள் வைக்கும். சான்றிதழ் தருபவர் வெளியிலிருந்து வந்து அந்தக் கோப்பைப் படிக்க வேண்டும். என் ரீரைட் விதி அவரையும் உள் அறைக்கு அனுப்பிவிட்டது. அங்கே கோப்பு ஏது? புதுப்பித்தல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். தளம் எச்சரிக்கைப் பக்கத்தோடு நின்றபோது, இரண்டரை மாதத்துக்கு முன் எழுதிய விதி யாருக்கு நினைவிருக்கும்? டிஎன்எஸ்ஸைச் சந்தேகித்தேன், சர்வர் கடிகாரத்தைச் சந்தேகித்தேன், ராத்திரி இரண்டு மணிக்குத்தான் ஹெச்டிஆக்சஸைத் திறந்தேன். ஆகவே அந்த ஃபோல்டருக்கு விலக்குத் தரும் மூன்றாவது நிபந்தனையையும் சேருங்கள்.

கேள்வி: வேர்ட்பிரஸ் ஒரு உள் ஃபோல்டரில் இருக்கிறது. ஃபோல்டர் பெயர் இல்லாமல் தளம் திறக்க ரூட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். உள்ளே இருக்கும் இண்டெக்ஸ் கோப்பையும் ஹெச்டிஆக்சஸையும் ரூட்டுக்கு நகல் எடுங்கள். நகலெடுத்த இண்டெக்ஸில் 'பிளாக் ஹெடர்' கோப்பை அழைக்கும் வரியில் ஃபோல்டர் பெயரைச் சேருங்கள். பொது அமைப்புகளில் தள முகவரியை மட்டும் மாற்றுங்கள். அதற்கு மேலே இருக்கும் வேர்ட்பிரஸ் முகவரியைத் தொடாதீர்கள். இரண்டையும் மாற்றிவிட்டு உள்ளே நுழைய முடியவில்லை என்று வரும் கடிதங்கள் எனக்குப் பழக்கம். கடைசியாக பெர்மாலிங்க் (பதிவுகளின் முகவரி வடிவம்) பக்கத்தை ஒரு முறை சேமித்துவிடுங்கள். நிர்வாகப் பக்கம் முன்போலவே ஃபோல்டர் பெயரோடுதான் திறக்கும்.

கேள்வி: பிளெஸ்க், டைரக்ட்அட்மின் என்ற மற்ற கன்ட்ரோல் பேனல்களிலும் இதே பாடா?

பதில்: பிளெஸ்கில் இல்லை. ஹோஸ்டிங் அமைப்புகளில் டாகுமென்ட் ரூட் என்ற கட்டத்தில் 'ஹெச்டிடிபிடாக்ஸ்' என்று இருக்கும். பின்னால் உள் ஃபோல்டரின் பெயரைச் சேர்த்துச் சேமித்தால் வேலை முடிந்தது. டைரக்ட்அட்மினில் ஒவ்வொரு டொமைனுக்கும் தனித்தனி பப்ளிக்_ஹெச்டிஎம்எல் உண்டு. பக்கத்திலேயே 'பிரைவேட்_ஹெச்டிஎம்எல்' என்று ஒன்று நிற்கும். ஹெச்டிடிபிஎஸ்ஸில் வருகிறவர்களுக்கு அங்கிருந்துதான் பரிமாறப்படும். அது தனி ஃபோல்டராக இல்லாமல் பப்ளிக்_ஹெச்டிஎம்எல்லுக்கு சிம்லிங்காக இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சிம்லிங்கை மாற்றிவிட்டேன். ஆனாலும் பழைய தளமே வருகிறது.

பதில்: இரண்டு நிமிடம் பொறுங்கள். கோப்புப் பாதைகளை பிஹெச்பி 120 விநாடி நினைவில் வைத்திருக்கும், அதன் வழக்கமான அளவு அது. அதற்குப் பிறகும் மாறவில்லை என்றால் ஓபிகேஷை (பிஹெச்பி தொகுத்து வைத்த நகலை) அழியுங்கள், அல்லது கன்ட்ரோல் பேனலில் பிஹெச்பி பதிப்பை வேறொன்றுக்கு மாற்றிவிட்டுத் திரும்ப பழையதற்கே கொண்டுவாருங்கள். கோப்புகளை ஏற்றும் எஃப்டிபி கணக்கையும் பாருங்கள். அது இன்னும் பெயர் மாற்றிய பழைய ஃபோல்டருக்குள் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் ஏற்றுகிற கோப்பெல்லாம் யாரும் பார்க்காத இடத்தில் சேர்ந்துகொண்டிருக்கும்.